அந்தரம் அண்ணையும் உறைந்துபோகிற சேர்வரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு நிமிடம் சும்மா இருக்கத் தெரியாதவர்களுக்குப் போட்டி வைத்தால் முதற்பரிசு அந்தரம் அண்ணைக்குத்தான். பரிசைக் கொடுக்கும்வரை அவர் மேடையில் நிற்கமாட்டார் என்பது வேறு விஷயம்.

அந்தரப்படுவதென்றால் எங்கள் ஊரில் பதறித் துடிப்பது. அவருடைய சொந்தப் பெயரை அலுவலகத்தில் எவரும் சொல்லிக் கேட்டதில்லை. திருநெல்வேலியில், பலாலி வீதியோரம், ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்ன மென்பொருள் நிறுவனம் எங்களுடையது. அவர் அங்கே மூத்த பொறியியலாளர். அவர் எழுதுவதைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை.

உடுப்பிட்டியிலிருந்து பஸ்ஸில் வருவார். புத்தூரில் சாரதி தேத்தண்ணி குடிக்க இறங்கினால் இவரும் இறங்கி நடக்கத் தொடங்கிவிடுவார். பின்னால் வரும் அதே பஸ்ஸைக் கைகாட்டி மறித்து ஏறுவார். கேட்டால், "நடந்த தூரம் மிச்சம்தானே" என்பார்.

அவர் முன்னால் அநேகமாக எவரும் ஒரு வசனத்தை முழுதாகச் சொல்லி முடித்ததில்லை. முகாமையாளர் போனில் "அதாவது..." என்று இழுத்தால், பக்கத்து மேசையிலிருந்து இவர், "அவைக்கு விளங்கியிருக்கும், வையுங்கோ சேர்" என்பார்.

எங்களோடு வேலை செய்த ஒருவரின் கல்யாணத்தில் ஐயர் மந்திரத்தை நீட்டிக்கொண்டே போனார். அந்தரம் அண்ணை எழுந்து நேரே மணவறைக்குப் போய்விட்டார்.

"ஐயா, குறை நினையாதேங்கோ. பின்னுக்குச் சனம் பசியிலை வாடுது. சாப்பாட்டுக்கு ஒரு பந்தியை விட்டிட்டு, மந்திரத்தை விட்ட இடத்திலையிருந்து தொடங்குங்கோவன்."

ஐயர் முறைத்தார். பொம்பிளை சிரித்துவிட்டாள். மாப்பிள்ளையின் தகப்பன் வந்து அண்ணையைக் கைப்பிடியாய்க் கூட்டிக்கொண்டு போனார்.

இப்படிப்பட்டவரின் கையில்தான் எங்கள் சேர்வர் அகப்பட்டது. ஒரே பெட்டிக்குள் பல மெய்நிகர் கணினிகள், வாடிக்கையாளருக்கு ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கும். அவற்றை மேய்க்க ஒரு முதன்மை இயங்குதளம். பெரிய மெய்நிகர் கணினி ஒன்றைக் கலைத்து அழிக்கவேண்டுமென்றால், அந்த இயங்குதளம் அடித்தளத்திலிருக்கும் இன்னொரு மென்பொருளைக் கூப்பிட்டுக் கேட்கும். அந்த வேலை முடியுமட்டும் முதன்மை இயங்குதளம் உறைந்துபோய் நிற்கும். மவுஸ் நகராது. மற்ற வாடிக்கையாளரும் சேர்ந்து தவிப்பார்கள்.

ஒருநாள், பிள்ளைகளுக்குத் தனியார் வகுப்பு நடத்தும் ஒரு ரியூட்டரியின் இணையப் பரீட்சை நடுவில் இப்படி நின்றுவிட்டது. ரியூட்டரி உரிமையாளர் மாடியேறி வந்தார்.

"பிள்ளையள் அழுகினம். இன்னொருக்கா நடந்தால் நாங்கள் வேறை ஆக்களிட்டைப் போறம்."

அவர் போனால் எங்கள் கதவைப் பூட்டவேண்டியதுதான். எங்களுக்கிருந்த பெரிய வாடிக்கையாளர் அவர் ஒருவர்தான். முகாமையாளர் மட்டும், "பெரிய வேலை, நேரம் எடுக்கும்தானே. பொறுத்தால் தானா விடும்" என்றார்.

பொறு என்ற சொல்லைக் கேட்டதும் அந்தரம் அண்ணை கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "ஒருத்தன்ரை வேலைக்காக ஊரெல்லாம் ஏன் காய்ஞ்சு நிக்கவேணும்?"

நின்றபடியே காரணத்தைத் தேடிப் பிடித்துவிட்டார். அடித்தளத்தைக் கூப்பிட்ட அந்த நீண்ட அழைப்பின் நடுவில், கவனிக்கச் சொல்லி வன்பொருள் மணி அடித்தால் இயங்குதளம் எழும்பி என்னவென்று பார்க்கிறது. பார்த்தவுடன் பழைய வேலைக்கே திரும்பிவிடுகிறது. வரிசையில் நிற்பவர்களைக் கவனிப்பதேயில்லை. "உவன் கதவைத் திறந்து பாக்கிறான், ஆளை உள்ளை விடுறானில்லை!" என்று துள்ளினார். மணி அடிக்கும்போதெல்லாம் காத்திருப்பவர்களுக்கு இடம் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரும்படி மாற்றி எழுதினார்.

சோதித்தேன். முழு இயந்திரமும் விழுந்தது. திரும்பவும் சோதித்தேன், திரும்பவும் விழுந்தது. அண்ணை அறையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். மேலே மாவிடிக்கிறீர்களா என்று புடவைக்கடைக்காரர் ஆளனுப்பிக் கேட்டார்.

நான் ஒவ்வொரு வேலையாகப் பிரித்துச் சோதித்து, அண்ணையிடம் போனேன். எனக்குச் சிறுவயதிலிருந்தே திக்குவாய்.

"அ... அண்ணை, நாங்கள் கே... கேட்ட வேலையிலை விழேல்லை. த... த..."

"தலைகீழாயோ? தற்செயலாயோ?" என்று முகாமையாளர் உதவிக்கு வந்தார்.

"சேர், அவனைச் சொல்ல விடுங்கோ" என்றார் அந்தரம் அண்ணை. அந்த மனிதர் அசையாமல் நின்றதை அன்றுதான் கண்டேன்.

"த... தன்ரை சொந்த வேலைக்கு இயங்குதளம் கூப்பிடேக்கைதான் வி... விழுது."

அண்ணைக்கு முகம் மாறியது. "ஓம்! அந்த நேரம் அது கையிலை எதையோ பூட்டிப் பிடிச்சுக்கொண்டு நிக்குது. அதைப் போய் இழுத்தால் விழாமல் என்ன செய்யும்?"

நாங்கள் கேட்ட வேலைகளுக்கு மட்டும் ஓர் அடையாளம் வைத்தார். அவற்றின் நடுவில் மட்டும் மற்றவர்களுக்கு இடம். இயங்குதளம் தனக்காகக் கூப்பிடும்போது எவரும் குறுக்கிடக்கூடாது.

எங்கள் சோதனையில் அது விழவில்லை. ஆனால் அண்ணை, அடுத்த பரீட்சை நடந்துகொண்டிருக்கும்போதே, பாவனையில் இல்லாதவற்றில் ஆகப் பெரிய மெய்நிகர் கணினியைக் கலைக்கச் சொல்லிவிட்டார். முகாமையாளர் தலையில் கைவைத்தார்.

"ஐயோ, இப்ப ஏனப்பா?"

"இப்பதானே சேர் தெரியும்!"

மவுஸ் நகர்ந்தது. பிள்ளைகள் எழுதிக்கொண்டேயிருந்தார்கள். உள்ளே அப்படியொரு பெரிய வேலை நடந்தது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. ரியூட்டரிக்காரர் எங்களோடேயே இருந்தார்.

வீட்டில், பள்ளியில், கடையில், எனக்குப் பதிலாக என் சொல்லை முடித்துவைக்க ஓடிவந்த நல்ல மனிதர்கள் எத்தனையோ பேர். அந்தரம் அண்ணை ஒருநாளும் முடித்துவைத்ததில்லை. இப்போது அவருக்குக் கொழும்பில் வேலை. இடைக்கிடை போன் எடுப்பேன். நான் "அ" என்று தொடங்கி "அண்ணை" என்று முடிக்கும்வரை, அந்தப் பக்கம் அவருடைய மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும்.