‘டி’யில் எல்லாம் பத்திரம்

ஃபார்மட் அடிப்பவர் என்றொரு இனம் நம்மிடையே நடமாடுகிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். கம்ப்யூட்டரில் சத்தம் வரவில்லை, எழுத்து பொடிப்பொடியாகத் தெரிகிறது, பிரிண்டர் காகிதத்தை மென்று துப்புகிறது என்று நீங்கள் எந்தக் குறையைச் சொன்னாலும், அதைப் பாதி மட்டும் கேட்டு, நாடி பிடித்த வைத்தியரைப் போலக் கண்ணை லேசாக மூடி, தலையை மூன்று பக்கமும் ஆட்டிவிட்டு ஒரே மருந்தைச் சொல்வார்: “ஃபார்மட் அடிச்சிடலாம்.” இரண்டாவது மருந்து அவரிடம் கிடையாது. முதல் மருந்து இருக்கும்போது இரண்டாவது எதற்கு?

விவரம் தெரியாதவர்களுக்காக: ஃபார்மட் அடிப்பது என்றால், கம்ப்யூட்டரை இயக்குகிற மென்பொருளை அடியோடு துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவது. குழாய் சொட்டுகிறது என்பதற்காக முன்கட்டை இடித்துக் கட்டுவது மாதிரி. நம் ஊர்க் கம்ப்யூட்டர்களுக்கு ‘சி’ என்று ஒரு முன்கட்டு, ‘டி’ என்று ஒரு பின்கட்டு. இடிபடுவது முன்கட்டு மட்டும்தான். “டில இருக்கறது எங்கியும் போவாது” என்பது இந்த இனத்தின் மந்திரம். பொய் இல்லை. எங்கும் போகாதுதான். ஆனால் பின்கட்டில் இன்னின்ன சாமான் இருக்கிறது என்று புதிதாகக் குடிவந்த முன்கட்டுக்காரருக்கு யார் போய்ச் சொல்வது? மந்திரத்தில் அதற்கு வரி இல்லை.

திண்டிவனம் ஆனந்தராஜை எடுத்துக்கொள்வோம். ரைஸ்மில் ஒன்றில் கணக்கு எழுதுகிறவர். மில்லில் அவரை முதலாளி ஒருமையில்தான் கூப்பிடுவார், வீட்டில் மனைவி சித்ரா கூப்பிடுவதே இல்லை, நேரே வேலையைச் சொல்லிவிடுவாள். ஆனால் விழுப்புரத்தில் மாமியார் வீட்டுப் படியேறினால் அவர் ஆளே வேறு. அங்கே அவர் கம்ப்யூட்டர் தெரிந்த மாப்பிள்ளை. சாவிக்கொத்தில் ஸ்கூட்டர் சாவியோடு ஒரு பென்டிரைவும் தொங்கும். ஃபார்மட் அடிக்கிற சரக்கு அதற்குள்தான் இருக்கிறது. அதைச் சுழற்றிக்கொண்டே அவர் கூடத்துக்குள் வரும்போது மாமியார் கோவிந்தம்மாள் ஃபேனை அவர் பக்கம் திருப்பிவைப்பார். இந்த மரியாதை ஒருநாள் இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் ஆனந்தராஜுக்கு நிஜமாகவே உண்டு. அதனால்தான் அந்த வீட்டில் எது பழுதானாலும் அவருக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப்பார்க்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல பஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டியதும் சித்ரா அம்மா வீட்டுக்கு போன் போட்டாள். “டோல்கேட் தாண்டிட்டோம்” என்றால் அந்த வீட்டில் ஒரே அர்த்தம்: எண்ணெயைக் காயவை, மீனைப் போடு.

சாப்பாடு முடிந்தது. வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, தட்டில் வந்தது. சித்ராவின் தம்பி பெண்டாட்டி பானுப்ரியா, பாவம், வாயை விட்டுவிட்டாள்.

“அண்ணா, ரெண்டு நாளா கம்ப்யூட்டர்ல சவுண்டு வர்ல. ஒயரு எதுனா...”

“ஒயரெல்லாம் இல்ல தங்கச்சி. சிஸ்டம் உள்ளயே பேஜாராயிருக்கு. கடைசியா எப்ப ஃபார்மட் அடிச்சீங்க?”

“அடிச்சதே இல்லண்ணா.”

“அதான்!” என்றார் ஆனந்தராஜ். போன மாதம் அடித்தோம் என்று சொல்லியிருந்தாலும் “அதான்!” என்றுதான் சொல்லியிருப்பார்.

மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த அவள் புருஷன், மச்சான் செல்வகுமாருக்குக் கை நின்றுவிட்டது. செல்வகுமார் லாரி டிரைவர். வாரம் முழுக்க யாரோ ஒருவருடைய லாரியை யாரோ சொல்கிற ஊருக்கு ஓட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டரில் லாரி ஓட்டுவார். ஆமாம், லாரி ஓட்டுகிற விளையாட்டுதான். “ஆறு நாள் ஓட்டிக்கினு இருந்தது பத்தலியா?” என்று பானுப்ரியா கேட்காத வாரம் இல்லை. “அங்க நான் டிரைவரு. இங்க நான் ஓனரு” என்பார் செல்வகுமார். நிஜம்தான். விளையாட்டில் ஓட்டை லாரி ஒன்றில் ஆரம்பித்து, லோடு லோடாக அடித்து, இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கம்பெனியையே கட்டியிருந்தார். பெயர் பானு ரோடுலைன்ஸ். ஷெட்டில் சிவப்பு லாரிகள் வரிசைகட்டி நிற்கும். சம்பளத்துக்கு டிரைவர்கள் உண்டு. அவர்களில் ஒருவனுக்கும் அவர் ராத்திரி டியூட்டி போட்டதில்லை.

“மாமா, என் லாரி கேம்மு போயிடாதே?”

“கேம்மு எங்க இருக்கு?”

“டில.”

“டில இருக்கறது எங்கியும் போவாது மச்சான்.”

“இல்ல மாமா, ஒருக்கா யாரயாவது கேட்டுக்கினு...”

அடுப்படியிலிருந்து கோவிந்தம்மாளின் குரல் வந்தது. “டேய், மாப்ள ஒரு வேல பண்ணும்போது குறுக்க பேசாத.”

அவ்வளவுதான். அந்த வீட்டில் அக்காள் புருஷனை எதிர்த்துப் பேசிய தம்பி இதுவரை பிறக்கவில்லை. நெடுஞ்சாலையில் எதிரே வரும் பஸ்ஸுக்கு வழிவிடாத செல்வகுமார், மாமாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஃபார்மட் முடிந்தது. புதுத் திரை பளிச்சென்று வந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. பானுப்ரியா மேசைக்கடியில் குனிந்து, வீடு பெருக்கும்போது கழன்றிருந்த ஸ்பீக்கர் ஒயரைச் செருகினாள். பாட்டு கேட்டது. “பாத்தியா தங்கச்சி, ஃபார்மட் அடிச்சதும் ஒயரு வேல செய்யுது” என்றார் ஆனந்தராஜ். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. உளமார நம்பினார்.

அடுத்து விளையாட்டு. இப்போதெல்லாம் விளையாட்டை நேரே திறக்க முடியாது, லாஞ்சர் என்று வாசலில் ஒரு காவல்காரன் இருக்கிறான், அவன் திறந்துவிட்டால்தான் உண்டு. லாஞ்சரைப் புதிதாக இறக்கி, செல்வகுமாரின் பாஸ்வேர்டைப் போட்டால், விளையாட்டின் படம் சாம்பல் பூசியதுபோல மங்கலாக வந்தது. கீழே ‘இன்ஸ்டால்’ என்று ஒரு பட்டன். காசு கொடுத்து வாங்கிய பொருள், டி-யில் மலைபோலக் கிடக்கிறது, காவல்காரன் புதியவன், தெரியாது என்கிறான். இதற்கு வைத்தியம் சுலபம். இன்ஸ்டால் என்று அமுக்கி, பழைய இடத்தையே காட்டினால், ‘இங்கே ஏற்கெனவே இருக்கிறதே, இதையே எடுத்துக்கொள்ளட்டுமா?’ என்று அவனே ஒரு பெட்டியில் கேட்பான். ஆமாம் என்றால் முடிந்தது.

ஆனந்தராஜ் அமுக்கினார், இடத்தைக் காட்டினார், பெட்டியும் வந்தது. ஆனால் வாசகரே, பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்த ஃபார்மட்டாளரை நீங்கள் எங்காவது கண்டதுண்டா? பெட்டி என்பது அமுக்குவதற்கு. அது முழுதாக விரிவதற்குள் ‘கேன்சல்’ விழுந்துவிட்டது.

“என்னமோ கேட்டுச்சேண்ணா” என்றாள் பானுப்ரியா.

“அதெல்லாம் படிச்சிக்கினு இருந்தா பொழுதுதான் போவும்.”

லாஞ்சர் வேண்டாம் என்று, டி-க்குள்ளேயே நுழைந்து விளையாட்டை நேராகத் திறந்தார். திறந்தது! ஆனால் விளையாட்டு செல்வகுமாரைப் பார்த்து, நீங்கள் யார் என்றது. புதிதாகக் கம்பெனி தொடங்க ஒரு பெயர் கேட்டது.

“என் லாரிங்கல்லாம் எங்க மாமா?”

இந்தக் கேள்விக்குப் பதில் ஆனந்தராஜுக்குத் தெரியாது. உங்களுக்குச் சொல்லிவிடலாம். விளையாட்டு டி-யில்தான் இருந்தது. ஆனால் யார் யார் எத்தனை லாரி வாங்கினார்கள், எந்த ஊர் வரை ஓட்டினார்கள் என்ற விவரமெல்லாம் சி-யில் இருந்தது. முன்கட்டோடு அதுவும் இடிந்துபோனது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. விளையாடி முடிக்கும்போதெல்லாம் லாஞ்சர் இன்டர்நெட்டில் போட்டுவைக்கிற நகல். பானு ரோடுலைன்ஸ் முழுவதும் இப்போது அந்த ஒற்றை நகலில் தொங்கிக்கொண்டிருந்தது.

“வரும் மச்சான். மொதல்ல இஞ்சின் ஸ்டார்ட் ஆவுதா பாக்கணும் இல்ல?” என்று சொல்லிக்கொண்டே, பெயர் கேட்ட இடத்தில் கை போன போக்கில் தட்டினார்: ஆனந்தராஜ் டிரான்ஸ்போர்ட். “சும்மா டெஸ்டிங்குக்கு.” ஓட்டை லாரி ஒன்று வந்து நின்றது. அதைக் கொஞ்ச தூரம் ஓட்டி, விளக்குக் கம்பம் ஒன்றில் இடித்து, திருப்தியோடு மூடினார்.

மறுபடி லாஞ்சர். மறுபடி இன்ஸ்டால். மறுபடி அதே பெட்டி. இந்த முறையும் அவர் படிக்கவில்லை, ஆனால் விரல் ‘எஸ்’ மேல் விழுந்தது. சாம்பல் கலைந்தது. படம் பளபளவென்று வண்ணத்துக்கு வந்தது. காவல்காரன் அடையாளம் கண்டுகொண்டான்!

“மாப்ளன்னா மாப்ளதான்” என்று கோவிந்தம்மாள் காபியைக் கொண்டுவந்து வைத்தார். ஃபேன் இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் திரும்பியது. ஆனந்தராஜின் நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த நிறைவோடு ‘பிளே’ என்பதை அமுக்கினார்.

இன்னொரு பெட்டி வந்தது. இன்டர்நெட்டில் போன ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு ஒன்று இருக்கிறது, இந்தக் கம்ப்யூட்டரில் சற்றுமுன் தொடங்கிய கணக்கு ஒன்று இருக்கிறது, எதை வைத்துக்கொள்ள, எதை அழிக்க என்று பொறுமையாகக் கேட்டது. செல்வகுமார் அதைப் படித்தார். ஊர்ப்பெயர்ப் பலகைகளை ஓடுகிற ஓட்டத்தில் படித்துப் பழகிய கண். படித்ததும் கை தானாக மவுஸ் பக்கம் நீண்டது. மாமாவின் கைக்கு ஒரு சாண் தள்ளி நின்றுவிட்டது. அக்காள் புருஷனின் கையை எப்படித் தட்டிவிடுவது?

“மாமா... ஒரு நிமிஷம்... போன ஞாயித்துக்கெழம...”

“பழசு எதுக்கு மச்சான்? எப்பவும் லேட்டஸ்ட்டதான் வச்சிக்கணும்.”

அமுக்கினார்.

விளையாட்டு திறந்தது. வாசலில் பெரிய எழுத்தில் ஆனந்தராஜ் டிரான்ஸ்போர்ட் என்று போட்டிருந்தது. ஷெட்டில் ஓட்டை லாரி ஒன்று, இடித்த பம்பரோடு நின்றது. சிவப்பு லாரிகள் இல்லை. பானுப்ரியா திரையில் தன் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

“கேம்ம கண்டுபுடிச்சிடுச்சு பாத்தியா!” என்றார் ஆனந்தராஜ்.

செல்வகுமாருக்குக் கண் கலங்கியிருந்தது. சந்தோஷத்தில் சிலருக்கு அப்படி ஆகும் என்று ஆனந்தராஜுக்குத் தெரியும். தோளில் தட்டிக்கொடுத்தார். பிறகு செல்வகுமார் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்து, மாமா பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்ற மரியாதைக்காக, மாமாவின் கம்பெனி லாரியைக் கொஞ்ச தூரம் ஓட்டினார். வாரத்தில் ஆறு நாள் ஓட்டுகிறார், ஏழாவது நாளும் இன்னொருத்தர் வண்டி.

அதற்குப் பிறகும் ஆனந்தராஜ் விழுப்புரம் போகிறார். உபசாரத்தில் குறையில்லை. மீன் இருக்கிறது, மல்லாட்டை இருக்கிறது, ஃபேன் திரும்புகிறது. கம்ப்யூட்டர் மட்டும் கண்ணில் படுவதில்லை. “ரிப்பேருக்குக் குடுத்துருக்கேன் மாமா” என்கிறார் செல்வகுமார். “என்னக் கேட்டிருந்தா ஒரே ஃபார்மட்ல...” என்று அவர் வருத்தப்படுவார். “உங்களுக்கு எதுக்கு மாமா செரமம்?” என்பார் செல்வகுமார். எவ்வளவு நல்ல பையன் என்று திரும்பும் வழியெல்லாம் மனைவியிடம் சொல்லிக்கொண்டு வருவார். சித்ரா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வருவாள்.

அவளுக்குத் தெரியும். “டோல்கேட் தாண்டிட்டோம்” என்று அவள் போன் போட்டதும் இப்போதெல்லாம் அந்த வீட்டில் முதலில் எண்ணெய் காய்வதில்லை. செல்வகுமார் எழுந்து ஒயர்களைப் பிடுங்கி, கம்ப்யூட்டரைப் பீரோவுக்குப் பக்கத்தில் தள்ளி, மேலே ஒரு பூப்போட்ட போர்வையைப் போர்த்துகிறார். பானுப்ரியா அதன்மேல் துவைத்த துணிகளைக் குவிக்கிறாள். அதற்கப்புறம்தான் மீன்.

சிரிக்கிறீர்கள். உங்களுக்கும் ஒரு ஆனந்தராஜின் முகம் நினைவுக்கு வந்திருக்கும். போகட்டும். நீங்கள் போகும் வீடுகளை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அது கம்ப்யூட்டராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மிக்ஸியாக இருக்கலாம், மோட்டாராக இருக்கலாம், கல்யாணத்துக்கு இருக்கும் பெண்ணின் ஜாதகமாகவும் இருக்கலாம். நீங்கள் தெருமுனை திரும்பும்போதே போன் போட்டுச் சொல்கிற பழக்கம் உங்கள் வீட்டில் யாருக்காவது இருக்கிறதா? அடுத்த முறை போகும்போது, காபி வருவதற்குள், அந்த வீட்டு மூலையில் போர்வை போர்த்திய எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், தயவுசெய்து அதைத் தூக்கிப் பார்க்காதீர்கள்.