ஆமென் சொல்லாத வகுப்பு

துரை வர ஒரு நாள் இருந்தது. பள்ளியில் ஒரே ஒரு மாணவன் இருந்தான். அவனுக்கும் பொன்னுக்கு வீங்கி வந்துவிட்டது.

யோவான் முனிரத்தினம் அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது.

"வாயத் தொறக்க முடியுமா, கன்னையா?"

கன்னையா தலையை ஆட்டினான். முடியாது.

"ஆமென் சொல்றதுக்காவது?"

அதற்கும் ஆட்டினான்.

பிச்சாட்டூருக்கு வெளியே, அணைக்குப் போகும் பாதையில் அந்தப் பள்ளி இருந்தது. கிராமங்களில் ஆராதனை நடத்தும் உபதேசியார்களுக்கு அங்கே பயிற்சி. கடலுக்கு அப்பால் இருந்த ஒரு சபை அதைத் தாங்கி வந்தது. முனிரத்தினம் அதன் ஒரே ஆசிரியர்.

போன வருஷம் வரை பெஞ்சுகள் போதவில்லை. பிறகு எல்லைக்கோடு போட்டார்கள். திருத்தணி மெட்ராஸுக்குப் போனது. பிச்சாட்டூர் ஆந்திராவில் நின்றது. தமிழ்ப் பையன்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம் புதிதாகத் திறந்த பள்ளிக்குப் போனார்கள். அங்கே இடம் போதாமல் தாழ்வாரத்தில் படுக்கிறார்கள் என்று கேள்வி. தெலுங்குப் பையன்கள் திருப்பதிக்குப் போனார்கள். கன்னையாவின் ஊர் எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரியவில்லை. அதனால் இருந்தான்.

அந்தச் சபையின் வெள்ளைக்காரத் துரை இரண்டு காரியங்களுக்காக வரவிருந்தார். பள்ளியைத் தொடர்ந்து தாங்கலாமா என்று பார்ப்பது ஒன்று. ஒரு மாணவனைத் தம் நாட்டுக்கு ஒரு வருஷம் படிக்க அழைப்பதும், அங்கிருந்து ஒருவனை இங்கே அனுப்புவதும் மற்றொன்று. பிள்ளைகள் இல்லாத பள்ளியைத் தாங்க முடியாது என்று திருப்பதி ஆபீஸில் முன்பே சொல்லிவிட்டார்கள்.

முனிரத்தினம் எழுத்துக் கற்றது இந்தப் பள்ளியில்தான். அதற்கு முன் அவர் கங்கையாவின் மாடுகளை மேய்த்தார். இப்போது வயது ஐம்பது. மாடுகள் மாறியிருந்தன. கொட்டகை அதேதான்.

"கங்கையாண்ணா நெலத்துல வேர்க்கடல புடுங்க ஆளு வந்து கீது" என்றாள் அவர் மனைவி சுந்தரம்மா. "ஒரு பத்துப் பேரக் கேளுங்க."

"கேட்டு?"

"பெஞ்சில ஒக்கார வைங்க."

"அது பொய் இல்லியா?"

"ஒக்கார்றது பொய்யா?"

முனிரத்தினம் யோசித்தார். உட்காருவதைப் பற்றி வேதத்தில் ஒரே இடம்தான் ஞாபகம் வந்தது. பரியாசக்காரர் உட்காரும் இடத்தில் உட்காரக் கூடாது. பரியாசக்காரர் யாரும் வரப் போவதில்லை என்று தேற்றிக்கொண்டு, மேல்துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கங்கையா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தார். முனிரத்தினம் நின்றபடி சொன்னார்.

"இன்னா முனிரத்தினம், என் ஆளுங்கள மதம் மாத்தப் போறியா?"

"ஒரு நாளைக்குத்தாண்ணா."

"ஒரு நாளைக்கு மாத்துவியா? பரவால்லியே."

"மாத்தறது இல்லண்ணா. சும்மா ஒக்காரணும்."

"அதுக்கு என் ஆளுங்களுக்கு நீ சொல்லித் தரவே வேணாம்" என்றார் கங்கையா. "எங்க அக்கா பையன் சிட்டிபாபுவும் கீறான். ஒரு எடத்துல நிக்க மாட்டான், ஊர் ஊரா வேலைக்குப் போறவன். இஸ்துக்கினு போ. பொழுது சாயறதுக்குள்ள திருப்பி வுட்டுடணும். மாட்டுக்குத் தண்ணி காட்டணும்."

மறுநாள் காலையில் பத்துப் பேர் வந்தார்கள். சிலர் நெற்றியில் நாமம், சிலர் நெற்றியில் திருநீறு. சுந்தரம்மா அவர்களைக் கிணற்றடியில் வரிசையாக நிறுத்தித் தேய்த்துக் கழுவினாள். நாமம் போனது. தேய்த்த இடம் சிவந்து, நாமத்தின் வடிவத்திலேயே நின்றது.

சிட்டிபாபு கடைசியாக வந்தான். மொட்டைத் தலை. திருப்பதி மலைக்கு வேண்டுதல். முடி இன்னும் அரிசி அளவுகூட வளரவில்லை.

"இத்த எப்படிக் கழுவறது?" என்றாள் சுந்தரம்மா.

முனிரத்தினம் தம் மேல்துண்டை அவனுக்குத் தலைப்பாகையாகக் கட்டினார். இப்போது அவன் ஒருவன் மட்டும் தனியாகத் தெரிந்தான்.

"நான் ஜெபம் பண்ணுவேன். முடிச்சதும் எல்லாரும் ஆமென் சொல்லணும். அவ்வளவுதான் வேல."

அவர்கள் தலையாட்டினார்கள். முனிரத்தினம் கண்ணை மூடி, குரலை உயர்த்தி ஜெபித்து முடித்தார்.

"கோவிந்தா!" என்றது வகுப்பு.

ஓட்டின்மேல் இருந்த காக்கைகள் பறந்தன. கன்னையா சிரிக்கப் பார்த்து, வலி தாங்காமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டான்.

"ஆமென்" என்றார் முனிரத்தினம் மெதுவாக. "இன்னொரு தடவ."

இரண்டாம் முறை முதலில் ஆமென் வந்தது. பின்னாலேயே கோவிந்தாவும் வந்தது.

"நாங்க இன்னா பண்றது அய்யகாரே?" என்றான் ஒருவன் வருத்தத்தோடு. "ஒருத்தர் சத்தமாச் சொல்லி முடிச்சா, வாயி தானா சொல்லுது."

சிட்டிபாபு மட்டும் இரண்டு முறையும் சரியாகச் சொல்லியிருந்தான்.

"உனுக்கு எப்படிடா வந்தது?"

"போன எடத்துல கத்துக்கினேன் அய்யகாரே."

மேலே கேட்க நேரம் இல்லை. அணைப் பாதையில் புழுதி தெரிந்தது.

"யாரும் வாயத் தொறக்க வேணாம்" என்றார் முனிரத்தினம். "எதுக்கும் தொறக்க வேணாம்."

ஜீப்பை ஓட்டி வந்தவர் நாகையா. பட்டாளத்தில் இங்கிலீஷ் கற்றவர். துரைக்கு டிரைவரும் அவர்தான், மொழிபெயர்ப்பாளரும் அவர்தான். முனிரத்தினத்துக்கு இங்கிலீஷ் தெரியாது.

துரை உயரமானவர், வயதானவர். வெயிலில் முகம் செங்கல் நிறமாகியிருந்தது. வகுப்புக்குள் வந்ததும் நிரம்பிய பெஞ்சுகளைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. கைகளைக் கூப்பினார். தாமே ஜெபித்தார்.

ஜெபம் முடிந்தது. முனிரத்தினம் ஆமென் என்றார். வேறு சத்தம் இல்லை.

துரை ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். பத்துப் பேரும் உதடுகளை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஜெபம் போதவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை நோயாளிகளையும், மழையையும், இரண்டு அரசாங்கங்களையும் சேர்த்துக்கொண்டார்.

முனிரத்தினம் ஆமென் என்றார். வகுப்பு அசையவில்லை. ஒருவன் அடக்க முடியாமல் கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

துரை மூன்றாம் முறை ஆரம்பித்தார். குரல் தழுதழுத்தது. நாகையா மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார். எல்லாம் முடிந்தபோது சிட்டிபாபு பொறுமை இழந்தான்.

"ஆமென்!" என்றான் கணீரென்று.

துரை கண்ணைத் திறந்தார். அவனையே பார்த்தார். அருகில் போய், தலைப்பாகையை எடுக்கச் சொல்லிச் சைகை காட்டினார். முனிரத்தினம் இடையில் புகுந்தார்.

"அவனுக்குத் தலவலி. சொல்லு நாகையா."

அதற்குள் சிட்டிபாபு எடுத்துவிட்டான். மொட்டை பளபளத்தது. நாகையா ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. சிட்டிபாபு தானாக எழுந்து நின்றான்.

"பவுல் அப்போஸ்தலன் கெங்கிரேயா பட்டணத்துல தலைச்சவரம் பண்ணிக்கினாரு. அவருக்கு ஒரு பிரார்த்தன இருந்தது."

துரை அவன் பேசும்போதே தலையாட்டிக்கொண்டிருந்தார். முனிரத்தினம் மேஜையைப் பிடித்துக்கொண்டார். அது வேதத்தில் இருந்தது. அப்போஸ்தலர் நடபடிகள். அவர் அதை யாருக்கும் கற்பித்ததில்லை. பாடத்தில் அந்த வசனத்தை எப்போதும் தாண்டிப் போய்விடுவார்.

துரை சிட்டிபாபுவின் தோளில் கை வைத்து நெடுநேரம் நின்றார். பிறகு மற்றவர்களைச் சுற்றி வந்தார். கன்னத்தைச் சுற்றித் துணி கட்டியிருந்த கன்னையாவின் முன் நின்று ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன் ஊழியத்துக்கு வந்தன்னு கேக்கறாரு" என்றார் நாகையா.

கன்னையா வாயைத் திறக்க முயன்றான். கண்ணில் நீர் வந்தது. வார்த்தை வரவில்லை.

துரை பெருமூச்சு விட்டார். முனிரத்தினத்தைத் தனியே அழைத்தார். நாகையா அவர் சொன்னதைத் தாழ்ந்த குரலில் தமிழில் சொன்னார்.

"எல்லாம் நல்ல பிள்ளைங்களாம். அடக்கமான பிள்ளைங்களாம். கன்னத்துல கட்டு கட்டிக்கினு கீறானே, அவனுக்கு மட்டும் அழைப்பு இல்லன்னு தோணுதாம். ஊருக்கு அனுப்பிடலாங்கறாரு."

"அவன் உண்மையான மாணவன்!" என்றார் முனிரத்தினம். "கர்த்தர் அறிய உண்மையான மாணவன்!"

அன்று அவர் சொன்ன முதல் உண்மை அது. துரை அதை இரக்கத்தோடு கேட்டுக்கொண்டார். நம்பவில்லை.

"கடல் தாண்டிப் படிக்க அந்த மொட்டப் பையன் வரட்டும்னு சொல்றாரு" என்றார் நாகையா.

ஜன்னலில் கங்கையாவின் முகம் தெரிந்தது. மாட்டுக்கு ஆள் தேடி வந்தவர்.

"இன்னாது? எங்க தாண்டி?"

"கடலுங்க" என்றார் நாகையா.

"யோவ் முனிரத்தினம்! ஒக்காரத்தானே கேட்ட?"

துரை அவர் யார் என்று விசாரித்தார். பையனின் தாய்மாமன் என்று தெரிந்ததும் ஜன்னல் வழியாகவே கை குலுக்கினார். கங்கையா கையை விடுவித்துக்கொள்ள முடியாமல் நின்றார். முனிரத்தினத்துக்கு ஒரு வழி தோன்றியது.

"பையனுக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுச்சு. வர முடியாதுன்னு சொல்லு."

நாகையா சொன்னார். துரை இன்னும் மகிழ்ந்தார்.

"பொண்டாட்டியும் வரலாமாம். அவங்களுக்கும் அங்க படிப்பு கீதாம்."

சிட்டிபாபு எழுந்து வந்தான். "எனுக்கா கல்யாணம்? மாமா, ஒத்துக்கினியா?"

"உனுக்கு என் பொண்ணத் தர்றன்னு நான் எப்படா சொன்னேன்?"

"அய்யகாரு சொல்றாரே!"

"அய்யகாரு யாருடா என் பொண்ணத் தர்றதுக்கு?"

துரை வந்த பிறகு மற்றவர்களும் முதல் முறையாக வாயைத் திறந்தார்கள். கல்யாணத்தைப் பற்றி ஆளுக்கு ஒரு கருத்து இருந்தது. கன்னையா மட்டும் கடைசிப் பெஞ்சில் தன் துணிகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தான். ஊருக்கு அனுப்பச் சொன்னது அவன் காதில் விழுந்துவிட்டது.

முனிரத்தினம் அந்த மூட்டையைப் பார்த்தார். முடிச்சு சரியாக விழவில்லை. அவன் மறுபடி அவிழ்த்துக் கட்டினான்.

துரை ஜீப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். முனிரத்தினம் பின்னால் ஓடினார். ஜீப்பின் அருகே அவர் முன்னால் போய் நின்றார்.

"நாகையா, நான் சொல்றத அப்படியே சொல்லு. ஒரு வார்த்த கூட்டாத, ஒரு வார்த்த கொறைக்காத."

"சொல்லுங்க அய்யகாரு."

"அவங்க யாரும் என் மாணவங்க இல்ல. கடல புடுங்க வந்த ஆளுங்க. நான் பொய் சொல்லி ஒக்கார வெச்சேன். கன்னம் வீங்கனவன்தான் என் ஒரே மாணவன். அவனுக்கு அழைப்பு கீது. அவனப் போகச் சொல்லாதீங்க. பள்ளிக்கூடத்த மூடறதுன்னா மூடிக்கோங்க."

நாகையா அவரைப் பார்த்தார். பிறகு துரையிடம் திரும்பி இங்கிலீஷில் சொன்னார். குறைவாகத்தான் சொன்னார். இங்கிலீஷ் சுருக்கமான பாஷை என்று முனிரத்தினம் எண்ணிக்கொண்டார்.

துரையின் கண்கள் நிறைந்தன. முனிரத்தினத்தின் இரண்டு கைகளையும் பற்றினார். விடவில்லை. பிறகு ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

முனிரத்தினம் தம் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். மன்னிப்பைப் பற்றி அவர் எத்தனையோ ஊர்களில் பிரசங்கம் செய்திருக்கிறார். அது இவ்வளவு கனமாக இருக்கும் என்று யாருக்கும் சொன்னதில்லை. மனம் லேசாகியிருந்தது. கொட்டகைக்குத் திரும்பினாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

நாகையா ஜீப்பின் முன்பக்கத்தைத் திறந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். முனிரத்தினம் அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"முழுசா மன்னிச்சிட்டாரா, நாகையா?"

நாகையா மூடியைத் திருகி இறுக்கினார்.

"நீங்க சொன்னத நான் சொல்லவே இல்ல, அய்யகாரு; திங்கக்கெழம கோட்டுக்கு அந்தாண்ட பள்ளிக்கூடத்துலயும் இதே சிட்டிபாபுதான் மொத பெஞ்சில ஒக்காந்துக்கினு இருந்தான், சர்க்காரு பிரிச்சாலும் ரெண்டு பள்ளிக்கூடத்து அய்யகாருங்களும் பிள்ளைங்கள மாத்தி மாத்தி அனுப்பிப் படிக்க வெக்கறீங்கன்னு துரை அழுதுக்கினு கீறாரு."