சந்தோஷ்குமார் வாழைப்பழம் மட்டும் சாப்பிட்ட விஷயமாக

மோகனூர்,
வெள்ளிக்கிழமை மத்தியானம்.

அன்புள்ள மச்சான் வீரபாகுவுக்கு,

உன் மாமன் கந்தப்பன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா சென்னியம்மாளும் பண்ணையில் உள்ள கோழிகளும் நலமாக இருக்கிறோம். அங்கே சத்தீஸ்கரில் நீயும், உன் போர்வெல் ரிக் வண்டியும், நீ போர் போடுகிற இடத்தில் தண்ணீரும் நலமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். உன் மருமகன் சந்தோஷ்குமாரும் நலமாகத்தான் இருக்கிறான். அதை ஒருத்தரும் நம்பமாட்டேன் என்கிறார்கள், அதனால்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். உனக்கு சிக்னல் கிடைக்கிற நேரமெல்லாம் உன் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நான் ஒன்று சொன்னால் அவள் அதன் மேலேயே வேறொன்று சொல்கிறாள். உன் வண்டிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் ஏற்றிக்கொண்டு டிரைவர் மாதேஸ்வரன் சாயங்காலம் கிளம்புகிறான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மருமகன் ஒன்றரை வருஷமாகக் கறி, மீன், முட்டை, பால், தயிர், நெய் எதையும் தொடுவதில்லை. மலைக்கு மாலை போட்டவன்கூடத் தயிர் ஊற்றிக்கொள்வான், இவன் அதுவும் இல்லை. உடம்புக்கு ஏதாவது தொந்தரவா என்றால் இல்லை. சாமியார் யாரிடமாவது போனாயா என்றால் அதுவும் இல்லை. "ஒரு உசுர நோகடிச்சுத் திங்க எனக்கு மனசு வரலீங்கப்பா" என்கிறான், அவ்வளவுதான். இதை யாரிடம் சொல்கிறான் பார். அவன் திருச்செங்கோட்டில் இன்ஜினியரிங் படித்து அதே கல்லூரியில் வாத்தியாராக நிற்கிறானே, அந்தப் படிப்பு முழுக்க முட்டையில் வந்தது. நாமக்கல் ஜில்லாவில் கோழிப்பண்ணைக்காரன் மகன் முட்டை திங்கமாட்டான் என்று வெளியில் சொல்ல முடியுமா நீயே சொல். டீக்கடையில் ஒருத்தன் கேட்கிறான், "ஏனுங்க மாமா, உங்க முட்டைல ஏதாச்சும் கோளாறுங்களா?" என்று.

பலம் குறைந்துவிட்டான் என்றும் சொல்லிவிட முடியாது. ஜிம்முக்குப் போகிறான், மக்காச்சோள மூட்டையை ஒத்தையாளாகத் தூக்கி லாரியில் போடுகிறான். நான் அதையெல்லாம் மறுக்கவில்லை. ஆனால் மூட்டை தூக்குவதை யார் வந்து பார்க்கப் போகிறார்கள். ஒருத்தன் ஆம்பளையா இல்லையா என்று நம் சனம் பார்க்கிறது பந்தியில்தான். சின்னப் பையனாக இருந்தபோது இவனுக்கு நல்லி எலும்பை நானே தட்டிக் கொடுப்பேன், அப்படி உறிஞ்சுவான், எனக்கு வயிறு நிறைந்துபோகும்.

இதெல்லாம் நம் வீட்டுக்குள் இருந்தவரை பொறுத்துக்கொண்டேன். இப்போது அவன் கல்யாணத்தில் வந்து நிற்கிறது. பையனுக்கு முப்பத்தி நாலு ஆகிறது, நம் பக்கம் பொண்ணு கிடைக்கிற லட்சணம் உனக்கே தெரியும். எத்தனையோ ஜாதகம் பார்த்து, கடைசியில் தம்மம்பட்டியில் அப்புசாமி என்கிறவருடைய மகள் சத்யபிரியா பொருந்தி வந்தது. பேங்கில் வேலை. பையனுக்கும் பிடித்திருந்தது, போனைப் பார்த்துத் தனியாகச் சிரிக்கிற அளவுக்குப் பிடித்திருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை கை நனைக்க வரச் சொன்னார்கள். சம்மதம் இல்லாத வீட்டில் நாம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டோம், சாப்பிட்டால் பொண்ணை எடுத்துக்கொள்கிறோம் என்று அர்த்தம். இதைக் காரில் போகும்போதே அவனுக்குச் சொன்னேன். "செரிங்கப்பா, அங்க என்ன இருக்கோ பாத்துக்கலாம்" என்றான்.

அங்கே என்ன இருந்தது என்றால் எல்லாமே இருந்தது. நாட்டுக்கோழிக் குழம்பு, ஆட்டுக்கறி வறுவல், குடல், மீன், அவித்த முட்டை. ரசம்கூட எலும்பு ரசம். வெறும் சோறாவது திங்கட்டும் என்று பார்த்தால், பொண்ணோட அம்மா வாய் நிறைய "வாங்க மாப்ள" என்று சொல்லி ஒரு கரண்டி நெய்யைச் சோற்றின் தலையில் ஊற்றிவிட்டது. நாலு ஊர்ச் சனம் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, மாப்பிள்ளை முதல் வாய் வைக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறது. இவன் இலையை ஒரு சுற்றுப் பார்த்தான். பொறுமையாக "எனக்கு இது வேண்டாமுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, ஓரத்தில் இருந்த வாழைப்பழத்தை உரித்துச் சாப்பிட்டான். வாழைப்பழம் சாப்பிட்டால் சாப்பிட்ட கணக்கில் சேருமா சேராதா என்று பந்தியிலேயே பெரியவர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பொண்ணு உள்ளேயிருந்து வந்து ஒரு சீப்புப் பழத்தை அவன் இலையில் வைத்துவிட்டு உள்ளே போனது. கேலி செய்கிறதோ என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. "பழனிக்கு வேண்டுதல் இருக்குதுங்க, அதான் பையன் கவுச்சி தொடறதில்ல" என்று அப்புசாமி காதில் போட்டேன். அதே நேரத்தில் உன் அக்கா சமையல்கட்டில் நின்று "ரெண்டு நாளா வயித்தால போகுதுங்க, பாவம், கஞ்சிதான் குடிக்கறான்" என்று பொம்பளைகளிடம் சொல்லியிருக்கிறாள். வாசலில் பொண்ணோட அண்ணன் இவனையே கேட்க, இவன் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறான். நாங்கள் காரில் ஏறுவதற்குள் மூன்று பேர் சொன்னதும் நடுவீட்டில் ஒன்று சேர்ந்துவிட்டது. அப்புசாமி பெரிய மனுஷன், ஆறடி ஆள், மீசையே ஒரு முழம் இருக்கும், வருஷா வருஷம் குலசாமிக்குக் கிடா வெட்டி ஊருக்கே போடுகிறவர். மீசையைத் தடவிக்கொண்டே கார் கதவைச் சாத்தினார்.

மறுநாள் தரகர் போன் செய்து, "யோசிச்சுச் சொல்றோம்னு சொல்றாங்க" என்றார். புதன்கிழமைக்குள் பையனுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகிவிட்டது என்று ஆத்தூர் வரைக்கும் பேச்சு. பையன் காலேஜுக்குப் போகிறான், வருகிறான், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறான். அதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை மச்சான். கோபம் கோபமாக வருகிறது, அவன் மேலா என் மேலா தெரியவில்லை.

அதனால் நீ வர வேண்டும். போர் எங்கேயும் ஓடிப்போகாது. வளர்பிறைக்குள் அவர்களை நம் வீட்டுக்கு ஒரு விருந்துக்குக் கூப்பிடுகிறேன். நீ தாய்மாமன், நீ சொன்னால் தட்டமாட்டான். அவன் பக்கத்து இலையில் உட்கார்ந்து ஒரே ஒரு துண்டு அவன் வாயில் வைக்கச் சொல். முழுங்கக்கூட வேண்டாம், அவர்கள் கண்ணில் பட்டால் போதும். மிச்சத்தை நீ எடுத்துத் தின்றுவிடு. கறி விஷயத்தில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று நம் சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும். நாலு பேர் முன்னால் நம் பையன் தலை குனியாமல் இருக்க வேண்டும், எனக்கு அது ஒன்றுதான்.

உனக்கும் உன் வண்டி ஆட்களுக்கும் எங்கள் ஆசீர்வாதம். வெயிலில் தொப்பி போட்டுக்கொள். அக்கா விசாரித்ததாக எழுதச் சொன்னாள், என்ன எழுதுகிறேன் என்று அவளுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உன் மாமன்,
மோ. கந்தப்பன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அப்புசாமியே போன் செய்தார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. "பக்கத்துல யாரும் இல்லீங்களே?" என்று கேட்டுக்கொண்டார். தோப்புக்குள் நின்று பேசுகிறாராம். "எனக்குச் சின்ன வயசுல இருந்தே கறின்னா ஆகாதுங்க. வாயில வெச்சாலே கொமட்டும். ஆம்பளப் பையன் திங்காம என்னடான்னு எங்கப்பன் அடிச்சுத் திங்க வெச்சாருங்க. இன்னைக்கு வரைக்கும் இலைய மடிக்கறப்ப கறிய உள்ளார வெச்சு மடிச்சிட்டு எந்திரிச்சுருவேன். எங்க ஊட்லயே தெரியாதுங்க" என்றார். ஒட்டாத உறையைக் கீழே வைத்தேன். "அன்னைக்கு உங்க பையன் அத்தன சனத்துக்கு முன்னால வேண்டாமுங்கன்னாரு பாருங்க, அந்த ஒரு வார்த்தை எனக்கு இந்த வயசு வரைக்கும் வரலீங்க. பொண்ணு அவருக்குத்தான்" என்றார். அப்புறம் ஏனுங்க யோசிக்கோணும்னீங்க என்று கேட்டேன். "நீங்க ஒண்ணு சொன்னீங்க, உங்க சம்சாரம் ஒண்ணு சொன்னாங்க. பையன் சொன்னதாச்சும் நெசமான்னு விசாரிச்சேனுங்க" என்றார்.

ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. விருந்துக்கு நீ கட்டாயம் வா, ஆனால் பையனிடம் கறியைப் பற்றி வாயைத் திறக்காதே. போனை வைத்ததிலிருந்து, நான் உட்கார்ந்து சாப்பிட்ட பந்திகளில் யார் யார் என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நீயாவது உண்மையிலேயே பிடித்துத்தான் தின்கிறாயா? பதில் எழுத வேண்டாம். இந்தத் தடவை நீ எழுந்து போனதும் உன் இலையை நானே பிரித்துப் பார்த்துக்கொள்கிறேன்.