ஸ்தாபகத் தலைவரை மேடைக்கு அழைக்கிறேன்

எங்கள் ஊரில் ஒரு மனிதரைப் பகிரங்கமாகக் கேவலப்படுத்துவதற்கு ஒரேயொரு வழிதான் இருந்தது: அவரை மேடைக்கு அழைக்காமல் விடுவது. இரண்டாவது வழியைக் கண்டுபிடித்தவன் நான். மேடைக்கு அழைப்பது.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. (சரி, கொஞ்சம் பெருமையும் இருக்கிறது. அவுஸ்திரேலியாவின் ஒரு றொக் இசைக்குழுவை உடைத்த ஆள் கல்முனைக்குடியில் வேறு யாராவது இருந்தால் வரச் சொல்லுங்கள், கதைப்போம்.)

அப்போது நான் காலையில் ஆங்கில டியூஷன் ஆசிரியர், மாலையில் அறிவிப்பாளர். பரிசளிப்பு விழா, வாசிகசாலைத் திறப்பு, ஹாஜிமார் வரவேற்பு, எதுவானாலும் மைக் என் கையில்தான். எங்கள் பக்கத்து விழாக்களில் விழா எதற்கு என்பது ஒரு விஷயமே இல்லை. யாருக்கு உட்கார எந்தக் கதிரை என்பதுதான் விஷயம். ஒரு குழாய்க்கிணறு திறந்தாலும் தலைவர், பிரதம அதிதி, கௌரவ அதிதி, விசேட அதிதி என்று வரிசையாக அழைத்து, பொன்னாடை போர்த்தி, படம் எடுத்து முடிக்கும்போது, கிணற்றில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க ஒருவருக்கும் தெம்பு இருக்காது.

ஒருமுறை, இறந்தவர்களை நல்லடக்கம் செய்யும் ஜனாஸா நலன்புரிச் சங்கத்தின் முன்னாள் தலைவர் ஒருவர் கூட்டத்தில் உட்கார்ந்திருந்ததைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். அன்றிலிருந்து அவர் என் வாப்பாவின் சலாமுக்கு வாய்க்குள்ளேயே பதில் சொல்லத் தொடங்கினார். (பதில் சொல்வது கடமை, மற்றவருக்குக் கேட்க வேண்டுமென்று யாரும் சொல்லவில்லை என்பது அவருடைய கட்சி.) வாப்பா நொந்துபோய், "மகன், உன்ட மைக்கால எனக்கு ஊரில ஒரு சலாம் குறைஞ்சு போச்சு" என்றார். இனிமேல் ஒரு 'முன்னாளை'யும் தவறவிடுவதில்லை என்று நான் அன்றைக்கே மனதுக்குள் சத்தியம் பண்ணினேன். எல்லாக் கேடும் அந்தச் சத்தியத்தால் வந்ததுதான்.

எனக்கு இன்னொரு வியாதியும் இருந்தது. பொத்துவிலில் கெஸ்ட்ஹவுஸ் நடத்தும் என் மாமாவின் வீட்டில், கடலில் அலைமேல் பலகை ஓட்ட வந்த வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுப்போன ஒலிநாடா ஒன்று கிடந்தது. 'சோல்ட் பெடொக்' என்ற அவுஸ்திரேலிய இசைக்குழுவின் பாட்டுகள். பெயருக்கு உப்பு மேய்ச்சல் நிலம் என்று பொருள் சொன்னேன். "அம்பாந்தோட்டை ஆக்களா?" என்று கேட்டார் வாப்பா. (எங்களுக்கு உப்பு வருவது அங்கிருந்துதான்.) அவ்வளவுதான் அவருடைய ஈடுபாடு. நான் விடவில்லை. இன்ரநெற் வந்த பிறகு அந்தக் குழுவின் சரித்திரம் முழுவதையும் பாடமாக்கினேன்.

சரித்திரம் இதுதான். டெரி என்ற பாடகரும் கிளைவ் என்ற கிற்றார்காரரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து தொடங்கினார்கள். பெயர் வைத்தவரும் பாட்டு எழுதியவரும் கிளைவ். புகழ் வந்தது, பின்னாலேயே சண்டையும் வந்தது. டெரி கிளைவை வெளியே போட்டார். கிளைவ் அதே பெயரில் வேறொரு குழு வைத்தார். இரண்டு சோல்ட் பெடொக்கும் வழக்குப் பேசி, கடைசியில் பெயர் டெரிக்குப் போனது. பிறகு வந்த டிரம்ஸ்காரர்களும் போன டிரம்ஸ்காரர்களும் ஒரு பஸ்ஸை நிரப்பக் காணும்.

இதை ஒருநாள் சந்தித் தேநீர்க் கடையில் விளக்கினேன். யாரும் ஆச்சரியப்படவில்லை. எங்கள் பக்கத்துக் கட்சிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் அல்லவா? தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரக் காக்கா மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார்.

"சின்னம் ஆருக்குப் போன?"

"சின்னமெல்லாம் இல்ல காக்கா. பேர்தான். அது டெரிக்கு."

"அப்ப மத்தவரு சுயேச்சையாக் கேக்கலாமே!"

இனி மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொத்துவிலில் கெஸ்ட்ஹவுஸ்காரர்களுக்கு ஒரு சங்கத்தை ஆரம்பித்தவரே அவர்தான். ஒரு பொதுக்கூட்டத்தில் மாமா எழுந்து லுஹர் தொழப் போனார். திரும்பி வரும்போது புதிய நிருவாகம் தெரிவாகி, கைதட்டலும் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தச் சங்கத்தின் பெயரை வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

மாமாவின் மகள் சிபானாவை எனக்குக் கட்டித்தருவது என்பது சின்ன வயதிலிருந்தே கதையாக இருந்தது. கதையாக மட்டும். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போய் இருப்பது. மாமா மகளுக்கு வீடு கட்டி, நிறமும் அடித்துவிட்டார். அதற்குள் என்னை இருத்தலாமா என்பதில்தான் அவருக்குத் தயக்கம். மாமியிடம் தயக்கமே இல்லை. அக்கரைப்பற்றில் வங்கியில் வேலை செய்யும் ஒரு பையனை அவர் பார்த்து வைத்திருந்தார்.

இந்த நிலையில்தான் மாமா தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மகன், அந்த உப்பு ஆக்கள் நம்மட கெஸ்ட்ஹவுசிலதான் வந்து நிக்கிறாங்க. வெள்ளிக்கிழம பின்னேரம் நம்மட வாசல் முத்தத்தில பாடப்போறாங்களாம். நீ வந்து அறிவிப்புச் செய். நல்லாச் செஞ்சியெண்டா மத்த விஷயத்தையும் கதைச்சு முடிப்பம்."

மத்த விஷயம்! எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அடுத்த அழைப்பு சிபானாவிடமிருந்து வந்தது.

"மச்சான், பேரச் சொல்லிட்டு இறங்கிருங்க. சுருக்கமா. உங்களக் கும்பிட்டுக் கேக்கன்."

"ஓம் ஓம்" என்றேன். கேட்டால்தானே!

கல்முனை பஸாரில் பொன்னாடைகள் வாங்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை போய் இறங்கினேன். வாத்தியக்காரர்களுக்கென்று மாமா அடித்து வைத்திருந்த மேடையைப் பார்த்தேன். அதில் ஒரு கதிரைகூட இல்லை. இதென்ன மரியாதை என்று, நீள மேசை போட்டு, வெள்ளை விரித்து, பிளாஸ்டிக் பூச்சாடி வைத்து, ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தலும் வைத்தேன். டிரம்ஸ் இடைஞ்சலாக இருந்தது, பின்னால் தள்ளிவிட்டேன். ஊர்ப் பிரமுகர்களுக்கும் சொல்லி அனுப்பினேன். பிரதேச சபையின் முன்னாள் உறுப்பினர் ஒருவர் அஸர் தொழுகை முடிந்த கையோடு வந்து நடுக்கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

டெரி வந்தார். நரைத்த குடுமி, சிவந்த முகம். மேசையைப் பார்த்துவிட்டு, "நான் எங்கே நின்று பாடுவது?" என்று கேட்டார். முதலில் உட்காருங்கள், மற்றதெல்லாம் முறைப்படி நடக்கும் என்றேன். அவரும் மற்ற மூவரும் முன்னாள் உறுப்பினரின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். டிரம்ஸ்காரரிடமிருந்து குச்சிகளை நானே பணிவாக வாங்கி வைத்தேன். முன்னால் மணலில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் அரைக்காற்சட்டையோடு நின்றார்கள். ஓரமாக மாமாவும் மாமியும் கதிரையில் இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்ற சிபானா கையால் 'சுருக்கு, சுருக்கு' என்று சைகை காட்டினாள்.

நான் மைக்கைப் பிடித்தேன்.

ஆங்கிலத்தில்தான் பேசினேன், ஆனால் அந்த ஆங்கிலத்துக்குள் ஓடியது முழுக்க எங்கள் விழாத் தமிழ். குழுவின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து எடுத்தேன். யார் எப்போது வந்தார், யார் எதற்காகப் போனார், ஒன்றையும் விடவில்லை. முன்னாள் பேஸ் கிற்றார்காரர் ஒருவர் டெரியின் மனைவியோடு குழுவைவிட்டு விலகிய இடம் வந்தபோது, அவர்களது இல்லற வாழ்வு சிறக்க வாழ்த்தினேன். டெரியின் முகம் மாறியது. உணர்ச்சிவசப்படுகிறார் என்று நினைத்தேன். இப்போதைய டிரம்ஸ்காரரை அறிமுகப்படுத்தும்போது, அவரது நியமனம் இன்னும் நிரந்தரமாக்கப்படவில்லை, வேறு ஆள் தேடுவதாக டெரியே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார் என்ற தகவலையும் சபைக்குத் தெரிவித்தேன். டிரம்ஸ்காரர் மெதுவாகக் கழுத்தைத் திருப்பி டெரியைப் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் கூட்டத்தின் கடைசியில், தென்னையில் சாய்ந்துகொண்டு நின்ற மனிதரைக் கண்டேன். வெயிலில் கறுத்த உடம்பு, தலையில் ஓலைத்தொப்பி, ஒருபக்கம் வளைந்த மூக்கு. அந்த மூக்கைப் பழைய படங்களில் எத்தனை தடவை பார்த்திருப்பேன்! யா அல்லாஹ், கிளைவ்! பலகை ஓட்ட வந்து வேறெங்கோ மலிவான அறையில் தங்கியிருந்தவர், பழைய குழு பாடப்போகிறதென்று கேள்விப்பட்டு ஒளிந்து பார்க்க வந்திருக்கிறார்.

அவர்களுக்குள் வழக்குப் பேசின பகை என்று தெரியாதவனா நான்? தெரியும். ஆனால் எங்கள் ஊரில் வழக்குப் பேசுகிறவர்கள் ஒரே மேடையில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து, படத்துக்குச் சிரித்துவிட்டு, மறுநாள் நீதிமன்றத்துக்குப் போவார்கள். மேடை என்பதே அதற்குத்தானே! தொடங்கிய மனிதரைக் கடைசி வரிசையில் நிறுத்திவைத்துவிட்டு நான் எப்படி ஊருக்குத் திரும்புவது? வாப்பாவின் சலாம் ஞாபகத்துக்கு வந்தது.

"நம்மிடையே ஒரு பெரியவர் அமைதியாக நிற்கிறார். சோல்ட் பெடொக்கின் ஸ்தாபகத் தலைவர் கிளைவ் அவர்களை மேடைக்கு அழைக்கிறேன். அவருக்குப் பொன்னாடை போர்த்திக் கௌரவிக்குமாறு இந்நாள் தலைவர் டெரி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்."

கூட்டம் ஓவென்று கத்தியது. கிளைவ் தொப்பியைக் கழற்றினார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்து வந்தார். டெரியின் கையில் நான் பொன்னாடையைத் திணித்தேன். அவர் மைக்குக்குப் பக்கத்தில் நின்று ஒரு வார்த்தை சொன்னார். (டியூஷனில் நான் கற்பிக்காத வார்த்தை.) யார் எழுதிய பாட்டை யார் பாடிப் பிழைக்கிறார் என்று கிளைவ் கேட்டார். டெரி பொன்னாடையின் ஒரு முனையை அவர் முகத்தில் வீசினார். கிளைவ் அதைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். மறுமுனையை டெரி விடவில்லை. ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.

மாமா எழுந்து நின்று கைதட்டினார்! எங்கள் விழாக்களில் பெரிய மனிதர்கள் "வேணாம், எனக்கெதுக்கு" என்று பொன்னாடையை இப்படித்தான் தள்ளுவார்கள். "பாத்தியா, வெள்ளக்காரனுக்கும் எவ்வளவு அடக்கம்!" என்று மாமா மாமியிடம் சொன்னது எனக்குக் கேட்டது. முன்னாள் உறுப்பினரும் தட்டினார். மேசை கவிழ்ந்து பூச்சாடி அவர் மடியில் விழுந்த பிறகுதான் தட்டுவதை நிறுத்தினார்.

பொன்னாடை கிளைவின் கைக்கு வந்தது. டிரம்ஸ்காரர் குச்சிகளை எடுத்துக்கொண்டு, "நிரந்தரமான ஆள் கிடைத்ததும் அவரை அடிக்கச் சொல்" என்று டெரியிடம் சொல்லிவிட்டு இறங்கினார். மற்ற இருவரும் பின்னால் போனார்கள். கிளைவையும் சேர்த்து நால்வருமாகப் பக்கத்து கெஸ்ட்ஹவுஸுக்குப் போய்ப் பாடத் தொடங்கினார்கள். கூட்டமும் மாமாவின் கோப்பைகளைக் கையில் பிடித்தபடியே வேலி தாண்டிப் போய்விட்டது. பக்கத்து கெஸ்ட்ஹவுஸ்காரர் வேறு யாருமில்லை. மாமா தொழப்போன நேரத்தில் சங்கத் தலைவரானவர்.

எங்கள் முற்றத்தில் மிஞ்சியவர் டெரி. முன்னாள் உறுப்பினர் தயாரித்து வந்த உரையை வீணாக்க விரும்பாமல் எழுந்தார். கல்விக்கும் கலைக்கும் தான் ஆற்றிய சேவைகளை அவர் தமிழில் விளக்க, டெரி தலையில் கைவைத்தபடி கடைசிவரை உட்கார்ந்திருந்தார். நான் நன்றியுரையும் சொன்னேன். நிகழ்ச்சிநிரலில் இருந்ததே!

"நாலு பேரத் தந்தன்" என்றார் மாமா. "ஒராளத் திருப்பித் தந்திரிக்காய். நாளைக்கு முதல் பஸ்ஸில போ மகன்." மாமி அக்கரைப்பற்றுக்குத் தொலைபேசி எடுக்க உள்ளே போனார். சிபானா தேநீரைக் கொண்டுவந்து வைத்தாள். சிரித்துச் சிரித்து அழுதிருந்தாளா, உண்மையாகவே அழுதிருந்தாளா என்று தெரியவில்லை. "பேரச் சொல்லிட்டு இறங்குங்க எண்டு சொன்னன்தானே மச்சான்" என்றாள்.

காலையில் பையோடு வாசலுக்கு வந்தால் கிளைவ் நிற்கிறார். கையில் பலகை, வெற்றுத் தோளில் பொன்னாடை. மைக் பிடித்த தம்பியைப் பார்க்க வேண்டுமாம். அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் வாசல் கதிரையில் இருந்த மாமாவுக்குத் தமிழில் சொன்னேன். குழுவின் வெப்சைட்டில் அவர் பெயரே இல்லையாம். பழைய படங்களிலும் அவரை வெட்டிவிட்டார்களாம். இத்தனை வருடத்துக்குப் பிறகு, இதைத் தொடங்கியவர் இவர்தான் என்று சனத்துக்கு முன்னால் சொன்ன முதல் ஆள் நானாம். இந்தச் சால்வையைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"அழுறாரா?" என்றார் மாமா.

"ஓம் மாமா."

"கடல்தண்ணி கண்ணில பட்டிரிக்கும்."

"இன்னும் கடலுக்குப் போகல்ல மாமா. பலக காஞ்சிரிக்கு."

மாமா எழுந்துபோய்க் கிளைவின் தோளில் நழுவிய பொன்னாடையைச் சரிசெய்துவிட்டார். பிறகு என் பையை வாங்கிக் கீழே வைத்தார்.

"சங்கத்துப் பொதுக்கூட்டம் வருது மகன். அறிவிப்புக்கு ஆள் தேடுறாங்களாம்" என்றார்.

எனக்கு விளங்கிவிட்டது. அந்தக் கூட்டத்தில் நான் சுருக்கமாகத்தான் பேசினேன். "ஸ்தாபகத் தலைவரை மேடைக்கு அழைக்கிறேன்" என்றேன், அவ்வளவுதான். கடைசி வரிசையிலிருந்து மாமா வெள்ளைச் சட்டையோடு எழுந்து நடந்து வந்த அழகை இப்போது நினைத்தாலும் எனக்குக் கண் கலங்கும். மஃரிப் தொழுகைக்கு முன்னால் சங்கம் இரண்டாகிவிட்டது. ஒன்றுக்கு மாமா தலைவர். (தேநீர்க் கடையில் கேட்டார்கள்: "சின்னம் ஆருக்குப் போன?")

மாமி தோற்றுப்போனார். எங்கள் நிக்காஹ் அந்தப் புதுவீட்டு முற்றத்தில் நடந்தது. பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் பொறுப்பாளராக, அதாவது வலியாக, மாமா என் எதிரே உட்கார்ந்து என் கையைப் பிடித்திருந்தார். உள்ளே பெண்களுக்கும் கேட்க வேண்டும் என்று யாரோ என் வாய்க்கு நேரே மைக்கை நீட்டினார்கள். மாமா பாய்ந்து அதைக் கையால் பொத்தினார்.

"மைக்க எடுங்க! சங்கம் ரெண்டானாப் பறவாயில்ல. இது ஒண்டாகணும்."

அப்படியே மைக் இல்லாமல் முணுமுணுத்துத்தான் ஒப்புக்கொண்டேன். அதனால் இன்றைக்கும் வீட்டில் நான் நீட்டி முழக்கி ஏதாவது நியாயம் பேசத் தொடங்கினால், சிபானா பிள்ளைகளுக்கு முன்னால் ஒரே கேள்விதான் கேட்பாள்:

"நீங்க என்னக் கட்டுறத்துக்கு ஓம் எண்டத நான் காதால கேக்கவே இல்ல மச்சான். வேணுமெண்டா இப்ப சொல்லுங்க. சுருக்கமா."