இன்னுமொரு சொக்கெற்

சாப்பாட்டு மேசையில் சோற்றுக் கோப்பை வைக்க இடமில்லை. விமானத்தின் முகப்புப் பலகை அங்கே மல்லாந்து கிடந்தது. ஊசிகளும் வட்டங்களும் நிறைந்த அந்தத் தகட்டில் சார்ஜ் போட ஒரு சொக்கெற் வேண்டுமாம்.

“டாப்லெட்டிலைதான் மேப் ஓடுது. பறக்கேக்கை சார்ஜ் இறங்கினா என்ன செய்வாய் எண்டு டீக்மன் கேக்கிறான்,” என்றார் சிறீதரன். “சொக்கெற் இல்லாமல் கையெழுத்து வைக்கமாட்டானாம்.”

வீட்டில் கட்டிய விமானங்களைப் பரிசோதித்துப் பறக்க அனுமதி கொடுக்கிற மனிதர் டீக்மன். சந்திரகாந்தி அவரை ஒருநாளும் கண்டதில்லை. கண்டால் நாக்கைப் பிடுங்குகிறமாதிரி நாலு கேள்வி கேட்கவேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தாள்.

நினைக்காமல் என்ன செய்வாள்? அவளைக் கலியாணம் கட்டிய சிறீதரன் விமானம் கட்டப் போனதில் அவளுடைய சனிக்கிழமைகள் எல்லாம் பாழாய்ப் போயின. ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத் தமிழருக்குச் சனிக்கிழமை என்றால் மண்டபம்தான். கலியாணம், பிறந்தநாள், சாமத்தியவீடு என்று வாரம் தவறாது ஏதோ ஒன்று வரும். எல்லாவற்றுக்கும் அவள் பட்டுச்சேலையோடு தனியே ரயிலில் போய் இறங்குவாள். “அண்ணை வரேல்லையோ?” என்று வாசலிலேயே பிடித்துக்கொள்வார்கள். “அவர் பிளேனிலை வாறாராக்கும்,” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். அவளும் சேர்ந்து பல்லைக் காட்டுவாள். வீட்டுக்கு வந்து சேலையை மடிக்கும்போதுதான் வயிறு பற்றி எரியும்.

இந்தமுறை தனியே போய்த் தலையைக் காட்டித் தப்ப முடியாது. சிறீதரனின் தங்கை கஜந்தியின் மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள்; கெல்சென்கிர்ச்சனில் சாமத்தியவீடு. தாய்மாமன் தேங்காய் உடைத்துத் தண்ணீர் வார்த்தால்தான் சடங்கே தொடங்கும். தாய்மாமன் என்று இருப்பது சிறீதரன் ஒருவர்தான்.

“பிளேன் தேறட்டும் காந்தி. பிறகு நீர் சொல்லுற மண்டபத்துக்கெல்லாம் வாறன்,” என்று அவர் சத்தியம் பண்ணியிருந்தார்.

அப்படியென்றால் விமானம் தேறியாகவேண்டும். சந்திரகாந்தி சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு இறங்கினாள். கார் விளக்குச் செய்யும் தொழிற்சாலையில் வயர் பற்றவைப்பது அவளுடைய வேலை. சொக்கெற்றை அவளே பூட்டினாள்.

பலகையை விமானத்திடலுக்குக் கொண்டுபோனவர் பின்னேரமே திரும்பக் கொண்டுவந்தார்.

“சார்ஜ் ஏறுது. ஆனா ரேடியோ இரையுது. கீழை நிண்டு கதைக்கிறது ஒண்டும் கேக்கேல்லை.”

“அப்ப கழட்டி எறியுங்கோ.”

“ஓட்டை இருக்குமே! ஓட்டையோடை விடுவானோ அவன்?”

இரையாத சொக்கெற் ஒன்றைத் தேடிப் பிடித்தாள். அது சிறியது. ஓட்டைக்குள் தொளதொளவென்று ஆடியது. ஓட்டையை மூடுகிற தகட்டோடு இரட்டைச் சொக்கெற்றாக விற்பதை வாங்கிப் பூட்டினாள். இரண்டிலும் சார்ஜ் போட்டதும் பியூஸ் போனது. தனிப் பியூஸ் வைத்துப் புதிதாக ஒரு தடித்த வயர் இழுத்தாள். அந்த வயர் திசைகாட்டிக்குப் பின்னால் போனது.

“காந்தி, டாப்லெட்டைச் சொருகினா வடக்கு கிழக்காலை போகுது.”

“உங்கடை வடக்குக்கு இப்ப என்ன வந்தது?”

“எனக்கில்லையப்பா, டீக்மனுக்கு!”

அந்த வயரின் இரண்டு இழைகளையும் பின்னல் பின்னுகிறமாதிரி முறுக்கி, திசைகாட்டிக்கு எட்டத்தால் கொண்டுபோனாள். வடக்கு வடக்கிலேயே நின்றது. சந்தோசத்தில் அவள் கையைத் தட்டினாள். சிறீதரனின் முகம் தொங்கிப்போனது. பாவம், மனுசன் அலைந்து களைத்துப்போனார் என்று அவளுக்கு இரக்கம் வந்தது. இரண்டு முட்டை கூடப் பொரித்து வைத்தாள்.

அடுத்த தடவை அவர் வந்து, பக்கத்து ஆசனத்துக்கும் ஒரு சொக்கெற் கேட்கிறான் என்றார். அதையும் அவள் அன்றைக்கே பூட்டிவிட்டாள்.

அவர் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பிழையும் அகப்படவில்லை.

“கடைசிப் பரிசோதனைக்கு நாள் குறிச்சு டெர்மின் தந்திட்டான்,” என்றார் மெதுவாக. “வாற சனி.”

“வாற சனியோ? அண்டைக்குத்தானே சாமத்தியவீடு!”

“நான் என்ன செய்ய? ஜெர்மன்காரன் டெர்மினை மாத்துவானோ? இதை விட்டா அடுத்த வருசம்தான்.”

கஜந்தி போனில் அழுதாள். “மச்சாள், அண்ணை வராட்டி ஆர் தண்ணி வாக்கிறது? அவ்வளவு சனத்துக்கு முன்னாலை நான் என்னெண்டு நிக்கிறது?”

“அழாதையும். நான் கூட்டிக்கொண்டு வாறன்,” என்றாள் சந்திரகாந்தி.

வியாழக்கிழமை லீவு எடுத்தாள். இறைச்சி ரோல்ஸ் பொரித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, சிறீதரனுக்குச் சொல்லாமல் பஸ் ஏறினாள். கேட்க வைத்திருந்த நாலு கேள்வியையும் வழியிலேயே விழுங்கிவிட்டாள். காரியம் பெரிதா, வீரியம் பெரிதா?

விமானத்திடலில் கொட்டகை வாசலில், சட்டையில் பெயர் குத்தியபடி டீக்மன் உட்கார்ந்திருந்தார். அவள் நினைத்து வைத்த அரக்கன் இல்லை, மெலிந்த கிழவர். ரோல்ஸை எடுத்துக் கடித்து, “அருமை!” என்றார்.

சந்திரகாந்தி பஸ்ஸில் பாடமாக்கிய ஜெர்மனை ஒப்புவித்தாள். “ஐயா, நான் சிறீதரனின் மனைவி. சனிக்கிழமை டெர்மினைத் தயவுசெய்து வேறொரு நாளுக்கு மாற்றுங்கள். எங்கள் பிள்ளைக்குச் சடங்கு. என் கணவர் நிற்காவிட்டால் நடக்காது. நீங்கள் சொன்ன குறைகளை எல்லாம் திருத்திவிட்டோம்.” கடைசியில் குரல் உடைந்துவிட்டது. இந்த மனிதருக்கு முன்னால் அழவேண்டி வந்ததே என்று அவமானமாயிருந்தது.

டீக்மன் ரோல்ஸைக் கீழே வைத்தார்.

“எந்த டெர்மின்? அந்த விமானத்துக்கு நான் போன கோடையிலேயே கையெழுத்து வைத்துவிட்டேன் அம்மா. உங்கள் கணவர்தான், ‘என் மனைவி எதைச் சொன்னாலும் திருத்திவிடுகிறாள், அவளால் திருத்த முடியாத குறை ஒன்று இருந்தால் சொல்லுங்கள்’ என்று இங்கே வந்து என் உயிரை வாங்குகிறார்.”