அழுகண்ணியும் என் ஒரே கண்டுபிடிப்பும்

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு விஞ்ஞானக் கண்டுபிடிப்பு செய்திருக்கிறேன். அதன் ஆயுள் பதினோரு நாள். அதற்குப் பிறகு செஞ்சிக் கடைத்தெருவில் பாத்திரம் விற்றே கிழவனாகிவிட்டேன்.

அறுபதுகளில் சென்னையில் எம்.எஸ்ஸி. தாவரவியல் படித்துக்கொண்டிருந்தேன். பூச்சி தின்னும் செடிகளின் பூவில், விதை உண்டாகும் பாகங்களில், செல் சுவர் எந்தெந்தப் பொருளால் ஆனது என்பது என் ஆய்வு. "அது தெரிஞ்சா யாருக்கு இன்னாடா லாபம்?" என்றார் நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்). "உலகத்துக்கு" என்றேன். (வயது இருபத்திரண்டு. உலகம் எனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு.) நைனா ஒரே பேச்சில் முடித்தார்: "ஆராய்ச்சி சீட்டு கெடச்சா மேல படி. இல்லன்னா சித்திரைல கடைக்கு வந்து குந்து." ஆய்வு நன்றாக அமைந்தால் சீட்டுக்குச் சிபாரிசு செய்வதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார்.

எங்கள் செஞ்சிக் கோட்டை மலையடிவாரத்தில், மழைக்குப் பின் ஈரம் காயாத மணலில் அழுகண்ணி முளைக்கும். தரையோடு ஒட்டிய சிவந்த குட்டி இலைகள். இலை முழுக்கப் பசைத்துளி. கொசு உட்கார்ந்தால் மறுபடி எழுந்திருக்காது. முதலில் அங்கேயே போய்ப் பூப்பறித்து ஸ்பிரிட்டில் போட்டேன். பிறகு வாராவாரம் நடக்கச் சோம்பல்பட்டு, நாலைந்து செடிகளை மண்ணோடு பெயர்த்து வந்து செஞ்சி வீட்டுக் கொல்லையில் தொட்டியில் வைத்தேன்.

நாங்கள் மேல்சித்தாமூர்ப் பக்கத்துச் சமணர்கள். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிப்போம். பூச்சிபொட்டு விழுந்துவிடும் என்று பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டோம். அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு கொலைகாரச் செடியைக் கூட்டிவந்த புண்ணியவான் நான்.

"இன்னாடா இது, கொசு ஒட்டிக்கினு துடிக்குது?" அம்மா பதறினாள்.

"அதுதாம்மா அதுக்குச் சாப்பாடு."

"நம்ம வீட்லயா?"

"தின்றது செடிதானே, நானா தின்றேன்?"

செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை அன்றிலிருந்து அம்மாவே எடுத்துக்கொண்டாள். எனக்கும் சௌகரியமாகப் போயிற்று. வாரம் ஒருமுறை வந்து பூக்களைப் பறித்து ஸ்பிரிட் பாட்டிலில் போட்டு எடுத்துப்போவேன். (மதுவிலக்குக் காலம். போலீஸைக் கண்டால் பஸ்ஸில் எனக்கு வேர்த்துக் கொட்டும்.)

மாசியில் ஒரு நாள் தொட்டிப் பூவின் நடுவில் மகரந்தம் வந்து ஒட்டும் சூல்முடியை பிளேடால் மெல்லியதாகச் சீவி, அயோடின் விட்டுப் பார்த்தேன். மாவுப்பொருள் இருந்தால்தான் நீலம் வரும். செல் சுவர் மஞ்சளாகத்தான் நிற்கும். எனக்கோ ஒரே கருநீலம்! செல் சுவரிலேயே மாவுப்பொருள்! எடுத்த பூவெல்லாம் நீலம். பேராசிரியர் முதுகில் தட்டிக்கொடுத்தார். பாடப் புத்தகத்தில் என் பெயருக்குக் கீழே படமும் போடுவார்களா என்று யோசித்து, ஸ்டூடியோவுக்குப் போய் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன்.

பதினோராம் நாள் துறை ஆசிரியர்கள் எல்லோர் முன்னிலையிலும் முழங்கினேன். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் மைக்ராஸ்கோப்பில் வைத்த கண்ணை எடுக்கவேயில்லை.

"தம்பி, நீலம் சுவருக்குள்ள இல்லையே, மேல அப்பிக்கிட்டு இருக்கு. மலையில பறிச்ச பூ இருக்கா?"

இருந்தது. என் மேசையிலேயே இருந்தது. அதைச் சீவி அயோடின் விட்டார். மஞ்சள். மறுபடி என் பூவுக்கு வந்தார்.

"மாவு மணியெல்லாம் ஊதிப் போயிருக்கு. இது வெந்த அரிசிப்பா. உன் செடி சோறு சாப்பிடுதா?"

அறையே சிரித்தது. பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. சிபாரிசும் எழுதவில்லை.

அடுத்த பஸ்ஸில் செஞ்சிக்கு வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டேன்: "செடிக்கு இன்னாம்மா ஊத்தின?"

"வடிகஞ்சிடா. தெனம் ஒரு டம்ளர், தலையோட ஊத்துவேன்." முகத்தில் அத்தனை பெருமை. "வயிறு ரொம்பினா பூச்சியப் புடிக்காது இல்ல? அந்தப் பாவம் உன்னையில்ல வந்து சேரும்."

"என் பொழப்புல மண்ணப் போட்டுட்டியே!" என்று கத்தி, தொட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். அம்மா அன்றும் மறுநாளும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சித்திரையில் நான் கடையில் உட்கார்ந்தேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கல்யாணப் பந்தியில், "இவருக்குப் பாத்துப் பரிமாறுங்க, அயோடின் வுட்டுப் பாப்பாரு" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். இருந்தவரை அம்மாவேதான் முழுக்கதையையும் சொல்லுவாள். "எம் புள்ள படிப்ப நான்தான் கெடுத்தேன்" என்று முடிப்பாள். எல்லோரும் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரிப்பார்கள்.

அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். மலைப் பூவில் ஒன்றை எடுத்து நானே முதலில் சீவிப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் விஷயம் தெரிந்திருக்கும். படிப்பைக் கெடுத்தது என் அவசரம்தான். அதை அவளிடம் சொல்ல எனக்கு முப்பது வருஷம் கிடைத்தது. ஒவ்வொரு பந்தியிலும் மற்றவர்களோடு சேர்ந்து நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.