பாங் வீட்டுப் பெரியவர் கட்சி மாறினார்

போன் சூப்பில் விழுந்தபோது மேசையைச் சுற்றி இருந்தவர்கள்: பாங் குலத்தின் மூத்த வீட்டுக்குத் தலைவரும் ஓய்வுபெற்ற துணைத் தலைமையாசிரியருமான பாங் கிசொப், மகன் தேகன், மருமகள் மிரே, பேத்தி ஹானுல், கூப்பிடாமலே சாப்பாட்டு வேளைக்கு வந்துசேரும் பக்கத்து வீட்டுப் பங்காளியும் தம்பி முறை ஆகவேண்டியவருமான பாங் துபில். கிசொப்பின் மனைவி சிம் ஓக்நான் சுவரில் படமாக இருந்தார். அவரையும் சேர்த்துச் சொல்வதுதான் முறை. விழுந்த போனுக்குள் இருந்தது அவர்தான்.

மாட்டெலும்பு சூப். ஆவி பறந்தது. கிசொப் கையை விட்டு எடுத்துவிட்டார். விரல் வெந்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

"போச்சு," என்றான் தேகன். "நல்லதாப் போச்சுப்பா. இத்தோட அதை விட்டுடுங்க. ஐபோன் வாங்கிடலாம்."

"துடைச்சா சரியாயிடும்."

"தாத்தா, ஆண்ட்ராய்டு எல்லாம் எங்க காலேஜ்ல வாத்தியாருங்கதான் வெச்சிருந்தாங்க," என்றாள் ஹானுல்.

"அப்போ அது மரியாதைப்பட்ட போன்."

"நாங்க எல்லாரும் அந்தப் பக்கம் போயாச்சு," என்றான் தேகன். " நீங்க ஒருத்தர்தான் இந்தப் பக்கம். இவ பட்டம் வாங்கின போட்டோ எங்களுக்கெல்லாம் பளிச்சுனு வந்துச்சு. உங்களுக்கு மட்டும் ஏதோ தபால்தலை மாதிரி வந்து நின்னுச்சு."

மிரே பக்குவமாகச் சொன்னாள். "மாமா, அந்தப் போன்ல நீங்க எங்க இருக்கீங்கன்னு நாங்க இருந்த இடத்துலயே பாத்துக்கலாம். தனியா மலையேறிக் கல்லறைக்குப் போறீங்க. எங்களுக்கும் மனசு அடிச்சுக்குது."

கிசொப் சூப் சொட்டும் போனைக் கைக்குட்டையில் சுற்றினார். "பாங் வீட்டுக்காரங்க கட்சி மாறினதில்லை. ஜப்பான்காரன் நம்மளை ஆண்ட காலத்துலயே மாறல."

"அண்ணா, அப்போ போனே கிடையாதே," என்றார் துபில், இன்னொரு கரண்டி சூப்பை ஊற்றிக்கொண்டே.

உண்மையில் எல்லாவற்றுக்கும் காரணம் துபில்தான். குலத்துக் காரியங்களில் போனில் ஒன்று சொல்வார், நேரில் வேறொன்று சொல்வார். 'நான் எப்ப சொன்னேன்?' என்று கையை விரிப்பார். அவர் வாயைக் கட்டத்தான், வருகிற அழைப்புகள் அத்தனையும் தாமாகவே பதிவாகும்படி கிசொப் தம் போனை அமைத்து வைத்திருந்தார். அதற்கு வசதியான போன் அது. துபிலைப் பிடிக்க விரித்த அந்த வலையில் துபில் ஒருநாளும் சிக்கவில்லை. சிக்கியது ஓக்நான். 'ஏங்க, அடுப்பை அணைச்சீங்களா?' 'ஏங்க, முள்ளங்கி கழுவி வைங்க.' 'ஏங்க, எங்க இருக்கீங்க?'

அவர் இறந்தபிறகு கிசொப் தினமும் காலையில் முகம் கழுவி, சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டு, நேராக உட்கார்ந்து அந்தத் திட்டுகளைக் கேட்பார். யாருக்கும் சொன்னதில்லை. மூத்த வீட்டுத் தலைவர் செத்த மனைவியிடம் தினமும் திட்டு வாங்குகிறார் என்பது வெளியே போகிற செய்தியா? ஐபோனுக்கு மாறினால் புது அழைப்புகள் பதிவாகாது என்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. பழையவை கூட வருமா என்பதுதான் கேள்வி. அதை யாரிடமும் கேட்க முடியாது.

போன் ஈரமானால் அரிசிக்குள் புதைக்க வேண்டும் என்று எங்கோ கேட்டிருந்தார். வீட்டில் திறந்திருந்தது ஒரே பானை. ஓக்நானின் திதிக்கென்று ஒதுக்கிய புது அரிசி. அதற்குள் போனைப் புதைத்தார்.

போன் பிழைத்தது. முழுதாகப் பிழைக்கவில்லை. திரையின் கீழ்ப் பாதி விரலுக்குக் கட்டுப்பட்டது, மேல் பாதி கட்டுப்படவில்லை. பக்கத்துப் பொத்தான்கள் கொழுப்பில் ஒட்டிக்கொண்டன. காதில் வைத்தால் சத்தமே இல்லை; வெளி ஒலிபெருக்கி மட்டும் ஊரைக் கூட்டியது. ஒரு பதிவை ஓடவிட்டால் நிறுத்தும் இடம் மேல் பாதியில் இருந்தது. ஆகவே ஒன்று தொடங்கினால் வரிசையாக எல்லாம் ஓடித் தீரும். அது அவருக்குக் குறையாகப் படவில்லை.

குறையாகப் பட்டது துபிலுக்கு. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் பல் தேய்க்கும் இடம்.

"அண்ணா, காலையில உங்க வீட்ல பொம்பளை சத்தம் கேக்குதே."

"ரேடியோ நாடகம்."

"எந்த ஸ்டேஷன்? நானும் கேக்கறேன்."

"பழைய நாடகம்."

"அந்த நாடகத்துல உங்க உள்பனியன் எங்க இருக்குன்னு சொல்றாங்களே அண்ணா."

கிசொப் கதவைச் சாத்தினார். சாத்திய கதவு ஒப்புக்கொண்டதற்குச் சமம். அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் தேகனுக்குச் செய்தி போய்விட்டது.

தேகன் கோபமாக வந்திருந்தால் கிசொப் சமாளித்திருப்பார். அவன் பழக்கூடையோடு வந்தான்.

"அப்பா, நாங்க ஒண்ணும் தப்பா நினைக்கல. அம்மா போனதுலேர்ந்து நீங்க யாரோடவும் பேசறதில்லை. துணைக்கு ஒருத்தங்க இருந்தா எங்களுக்கும் நிம்மதிதான்."

"யாரும் இல்லை."

"மிரே ரொம்ப சந்தோஷப்பட்டா. ஒரு நாள் சாப்பிடக் கூட்டிட்டு வரச் சொன்னா. அவங்களுக்குக் காரம் ஒத்துக்குமா?"

செத்த மனைவியின் குரல் என்று சொன்னால், மகன் அழுவான். மகன் அழுதால் தாமும் அழ வேண்டியிருக்கும். கிசொப் கூடையிலிருந்து ஒரு பேரிக்காயை எடுத்து, "இது நல்ல காய்," என்றார்.

மறுநாள் தொப்பியை நெற்றிவரை இழுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த போன் கடைக்குப் போனார். கடைக்காரர் பேர் நோ; பேச்சை முடிக்கத் தெரியாத மனிதர்.

"ஐபோனா? இந்த வயசுலயா? பேஷா மாறலாம் ஐயா. போட்டோ, நம்பர் எல்லாம் தானா வந்துடும்."

"பேசின பதிவுகள்?"

"அது தானா வராது. இந்த வீட்டுச் சாமானை அந்த வீடு வாங்கிக்காது. ஆனா கவலைப்படாதீங்க. நான் முதல்ல கம்ப்யூட்டர்ல இறக்கி, அப்புறம் ஒவ்வொண்ணா ஏத்தித் தரேன். யாருக்கு இந்தப் பொறுமை இருக்கும், சொல்லுங்க? ஒழுங்கா ஓடுதான்னு மட்டும் பாத்துடறேன்."

கிசொப் வேண்டாம் என்று வாயெடுப்பதற்குள் நோ போனை வாங்கி ஒரு பதிவைத் தட்டிவிட்டார். கடை முழுக்க ஓக்நான் எழுந்து நின்றார்.

'ஏங்க, அடை எல்லாம் தயாராயிடுச்சு. நான் சந்தையிலதான் இருக்கேன். பின்கதவைத் திறந்து வைங்க. துபில் வீட்ல கேட்டா, வீட்லயே சுட்டதுன்னு சொல்லிடுங்க.'

இந்தப் பதிவைக் கிசொப் வீட்டில் கேட்கும்போதெல்லாம் இந்த இடத்தில் பெரிதாக இருமிக்கொள்வார். மூத்த வீட்டின் பெருமையே படையல் அடைதான். மீனையும் சீமைப்பூசணியையும் மாவில் தோய்த்து, வீட்டு அம்மாள் தன் கையால், தன் அடுப்பில் சுட வேண்டும். கடைச் சரக்கை முன்னோர் முன்னால் வைத்த வீடு என்ற பேர் எடுத்த குடும்பங்களுக்கு என்ன ஆயிற்று என்று குலத்தில் கதைகதையாகச் சொல்வார்கள். ஓக்நான் அதைச் சந்தையில் வாங்குகிறார் என்று கிசொப்புக்கு இந்த அழைப்பு வந்த நாளிலிருந்தே தெரியும். கேட்டதில்லை. ஓக்நானும் சொன்னதில்லை. திதிகள் மட்டும் குறைவில்லாமல் நடந்தன. பாராட்டாத வாயில்லை.

பதிவில் கிசொப்பின் குரல்: 'முன்னோருக்குத் தெரிஞ்சா?'

'அவங்களுக்குப் பல்லே இல்லை. துபிலுக்குத்தான் எல்லாப் பல்லும் இருக்கு.'

"நிறுத்துங்க," என்றார் கிசொப்.

"மேல் பாதி வேலை செய்யல ஐயா."

கிசொப் போனைப் பிடுங்கி நாற்காலியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தார். ஓக்நான் அவருக்கு அடியிலிருந்தும் பேசினார். அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு துபில் உள்ளே வந்தார்.

"போன் கண்ணாடிக்குத் தாள் ஒட்டலாம்னு வந்தேன்," என்றார் துபில். அவர் கையில் போன் இல்லை. காதை மட்டும் கொண்டுவந்திருந்தார். "அண்ணா, என்ன அண்ணி குரல் மாதிரி இருக்கு? அடைன்னு ஏதோ காதுல விழுந்துச்சே?"

கிசொப் எழுந்தார். போனைக் கையில் எடுத்தார். அடுத்த பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கடுத்து எது வரும் என்று அவருக்கு மனப்பாடம். இன்னொரு திதி. இன்னொரு பின்கதவு. நிறுத்தும் இடம் மேல் பாதியில் இருந்தது. அழிக்கும் இடம் கீழ்ப் பாதியில் இருந்தது.

போன் கேட்டது: எல்லாவற்றையும் அழிக்கவா?

"ஐயா, இன்னும் கம்ப்யூட்டர்ல இறக்கல," என்றார் நோ. "அழிச்சா அழிச்சதுதான். திரும்ப வராது."

'ஏங்க, வெளிய குளிரு. கழுத்துக்கு...' என்று ஓக்நான் சொல்லிக்கொண்டிருந்தார்.

கிசொப்பின் வெந்த விரல் கீழே இறங்கியது. கழுத்துக்கு என்ன என்று சொல்லாமலே ஓக்நான் நின்றுபோனார்.

"அது அண்ணிதானே?" என்றார் துபில்.

"அண்ணி செத்துட்டா."

"தெரியும். அதனாலதான் கேக்கறேன்."

கிசொப் தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டார். "அது வேற ஒரு பொம்பளை."

துபிலின் முகம் பண்டிகை நாள்போல மலர்ந்தது. "பேரு?"

"மரியாதைப்பட்டவங்க பேரைக் கடைத்தெருவுல கேக்கக் கூடாது."

பிறகு நோவைப் பார்த்து, "அந்த ஐபோனைக் குடுங்க. எந்தக் கலரா இருந்தாலும் சரி," என்றார்.

இப்படித்தான் பாங் வீட்டுப் பெரியவர் கட்சி மாறினார். குடும்பத்துக்கு ஒரே கொண்டாட்டம். ஹானுல் பட்டம் வாங்கிய படம் பளிச்சென்று வந்தது. அவள் காதுத் தோட்டில் இருந்த கல்கூடத் தெரிந்தது. தேகன் தன் திரையில் ஆன்டோங் நகர வரைபடத்தில் அப்பா ஒரு நீலப்புள்ளியாக இருப்பதைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கினான். மிரே ஞாயிற்றுக்கிழமைகளில் மேசையில் ஒரு கிண்ணம் கூடுதலாக வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கிசொப் அந்தக் கிண்ணத்தைப் பார்க்காமல் சாப்பிடப் பழகிக்கொண்டார்.

காலையில் மட்டும் பழையபடி முகம் கழுவி, பொத்தான் போட்டு, நேராக உட்காருவார். புதுப் போனை எதிரில் வைத்துக்கொள்வார். அது அழகாக இருந்தது. அதனிடம் சொல்ல ஒன்றுமில்லை.

குலத்துக் கூட்டத்தில், பெரியவர் வீட்டில் இன்னொரு பெண்பிள்ளை விவகாரம் இருப்பதால், வசந்தகாலப் படையலில் முன்னோருக்கு வைக்கும் முதல் மதுக்கோப்பையைத் துபில் ஊற்றட்டும் என்று முடிவானது. மூத்த வீட்டின் கையை விட்டு அந்தக் கோப்பை போனது அதுவே முதல் தடவை. கிசொப் வாதாடவில்லை. தலை குனியவும் இல்லை. தன் பேர் போகட்டும். ஓக்நான் பேர் நிலைத்துவிட்டது. அந்தக் கணக்கு அவருக்கு நியாயமாகவே பட்டது.

ஓக்நானின் திதி நெருங்கியது.

"மாமா, லீவு போட்டுட்டு வந்து நானே அடை சுட்டுடறேன்," என்றாள் மிரே.

"வேண்டாம். நான் பாத்துக்கறேன்."

"நீங்களா?" என்றவள், பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "இல்ல... அவங்க சுடுவாங்களா?"

"உலையைப் பாரு," என்றார் கிசொப்.

அவர் மனத்தில் வேறு யோசனை இருந்தது. ஓக்நான் திதிக்கு ஓக்நான் கொண்டுவந்த அதே அடைதான் வைக்க வேண்டும். அது எங்கிருந்து வந்ததோ அங்கேயே, அதேபோல மறைவாகப் போய் வாங்க வேண்டும். உல்ஜின் ஊரிலிருந்து வந்ததால் உல்ஜின்காரம்மா என்று எல்லாரும் கூப்பிடும் அம்மாளின் அடைக்கடை சந்தையின் பின்சந்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். பலமுறை தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

சந்துக்குள் நுழைந்ததும் புதுப் போன் அடித்தது. தேகன்.

"அப்பா, உங்க புள்ளி சந்தைக்குப் பின்னால நிக்குதே. அவங்க வீடு அங்கதானா? நான் ஒண்ணும் கேக்கல. சும்மாதான் போன் பண்ணேன்."

"முள்ளங்கி வாங்க வந்தேன்."

"முள்ளங்கிக் கடை அந்தப் பக்கம் இல்லையேப்பா."

கிசொப் போனை அணைத்துப் பைக்குள் போட்டார்.

உல்ஜின்காரம்மா பெரிய தட்டையான இரும்புக்கல்லில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். கிசொப் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கல்லுக்கு வெகு அருகில் குனிந்தார்.

"திதிக்கு அடை வேணும். மீன், பூசணி ரெண்டும். என் வீட்டம்மாவுக்கு நீங்க குடுத்த அதே பக்குவம்."

"உங்க வீட்டம்மா யாருங்க ஐயா?"

"சிம் ஓக்நான்."

அம்மாள் கரண்டியை வைத்துவிட்டார். இடுப்பில் கட்டியிருந்த துணியால் கையைத் துடைத்தார். அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரிஞ்சது உங்களோட இருக்கட்டும்," என்றார் கிசொப், இன்னும் குரலைத் தாழ்த்தி. "அவ இங்கதான் வாங்கினான்னு எனக்குத் தெரியும். என்னையும் உங்களையும் தவிர வேற யாருக்கும் தெரியாது. அதை மறைக்க நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். இனிமேலும் தெரியக் கூடாது."

"வாங்கினாங்களா? யாரு சொன்னது உங்களுக்கு?" என்றார் உல்ஜின்காரம்மா. "ஓக்நான் அக்கா இங்க ஒரு நாளும் எதையும் வாங்கினதில்லைங்க ஐயா, பின்கட்டுல, உங்க கண்ணுக்கு மறைவா இந்தக் கல்லு முன்னால நின்னு சுட்டதே அவங்கதான், அவங்க சுட்டதைத் துபில் ஐயா வீட்லேர்ந்து உங்க குலத்துல பாக்கி எல்லாரும்தான் வந்து வாங்கிட்டுப் போனாங்க."